சென்னையில் எங்கே தங்குவது: கிரீம்ஸ் சாலையா, தி. நகரா, திருவல்லிக்கேணியா, வடபழனியா?

"சென்னைக்குப் போறம், எந்தப் பக்கம் ரூம் போடலாம்?" என்று கேட்டு வருகிறவர்கள் ஒருவர் மாதிரி ஒருவர் இல்லை. களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு அக்கா தாயாரின் கண் ஒப்பரேஷனுக்குப் போகிறார். அக்கரைப்பற்றில் ஒரு குடும்பம் மகளின் கலியாண உடுப்பு எடுக்கப் போகிறது. காத்தான்குடியில் ஒரு காக்கா கடைக்குச் சாமான் பார்க்கப் போகிறார், திருக்கோவில் பக்கத்துச் சாமிமார் மாலை போட்டுக்கொண்டு சபரிமலைக்குப் போகிற வழியில் இரண்டு இரவு நிற்க வேண்டும். ஆனால் ஊரில் எல்லாருக்கும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "தி. நகர்ல போடுங்க, எல்லாம் கிட்ட." எதற்குக் கிட்ட என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

தி. நகரிலிருந்து கிரீம்ஸ் சாலை, காத்தான்குடியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு வருகிற தூரம்தான். ஆனால் காலை ஒன்பது மணிக்கு அண்ணா சாலையில் ஓட்டோவுக்குள் இருந்து பார்த்தால்தான் அந்தத் தூரம் எவ்வளவு என்று தெரியும். இன்னொன்று, மொழி ஒன்றாக இருப்பதால் சென்னையைக் கொழும்பு மாதிரி நினைத்துக்கொண்டு போகிறோம், லொட்ஜ் கவுண்டரில் இலங்கைப் பாஸ்போர்ட்டை நீட்டுகிற நேரத்தில்தான் நாம் வெளிநாட்டுக்காரர் என்பது தெரியவருகிறது. அதனால் இடத்தைத் தெரிவு செய்வதில் நமக்கென்று சில கணக்குகள் இருக்கின்றன, சென்னைக்காரரோ கோயம்புத்தூரிலிருந்து வருகிறவரோ சொல்கிற ஆலோசனை நமக்கு அப்படியே பொருந்தாது.

## எதை வைத்துத் தெரிவு செய்வது

முதலாவது, காலையில் முதல் வேலை எங்கே. பகல் முழுக்க எங்கேயும் சுற்றலாம், ஆனால் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் இரத்தம் குத்தக் கொடுக்க வேண்டிய ஆள் இருந்தால், அந்த ஆஸ்பத்திரி வாசல்தான் உங்கள் சென்னை. மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டாவது, கூட வருகிறவர்களில் யாருக்கு நடக்க ஏலாது. ஐந்து பேர் போனால் நாலு பேருடைய வசதியைப் பார்க்காதீர்கள், முழங்கால் வருத்தம் உள்ள அந்த ஒரு மாமியைப் பாருங்கள், ஏனென்றால் அவர் களைத்துப்போனால் ஐந்து பேருக்கும் அன்றைய நாள் முடிந்துவிடும். லிஃப்ட் இருக்கிறதா, ஓட்டோ வாசல் வரைக்கும் வருமா, கக்கூஸ் எந்த மாதிரி என்பதெல்லாம் இதற்குள்தான் வரும்.

மூன்றாவது, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அறை தருவார்களா. இந்தியாவில் வெளிநாட்டவரைத் தங்க வைக்கிற எவரும், ஹோட்டலோ லொட்ஜோ சொந்த வீடோ, 24 மணித்தியாலத்துக்குள் 'ஃபார்ம் சி' என்ற விபரப் படிவத்தை ஒன்லைனில் அனுப்ப வேண்டும். பெரிய ஹோட்டல்களுக்கு இது அன்றாட வேலை. சின்ன லொட்ஜ்கள் பல அந்தப் பதிவையே எடுத்து வைக்கவில்லை, "ஃபாரினர்ஸுக்கு ரூம் இல்லை சார்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள், நீங்கள் ஆப்பில் காசு கட்டி வந்திருந்தாலும் சரி. பகுதிக்குப் பகுதி இந்தப் பழக்கம் மாறுகிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

நாலாவது சாப்பாடு. இரண்டு நாளைக்கு யாரும் இட்லி சாப்பிடலாம். ஒரு கிழமை என்றால் மீன்கறி இல்லாமல் நம்மவர்கள் படுகிற பாடு உங்களுக்கே தெரியும். நோயாளிக்குப் பத்தியச் சாப்பாடு தேவை என்றால் சமைக்க ஒரு அடுப்பு வேண்டும், ஹலால் பார்க்கிறவர்களுக்கு அது நடக்கிற தூரத்தில் வேண்டும்.

அப்புறம் போய்ச் சேருகிற நேரம். மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் கட்டுநாயக்கா, அங்கே சில மணித்தியாலம் காத்திருப்பு, பிறகு ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைந்த பறப்பு. மீனம்பாக்கத்தில் இறங்கும்போது ஒரு இரவும் அரைப் பகலும் நித்திரை இல்லாமல் இருப்பீர்கள். சில லொட்ஜ்களில் நீங்கள் எத்தனை மணிக்கு உள்ளே போகிறீர்களோ அதிலிருந்து 24 மணித்தியாலம் கணக்கு. சில இடங்களில் பகல் 12 மணியோடு ஒரு நாள் முடியும். அதிகாலை நாலு மணிக்குப் போய் இரண்டாவது வகை இடத்தில் விழுந்தால், எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு முழு நாள் வாடகை.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் அறை வாடகை. நம்மவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இந்திய ரூபாய் ஒன்று நம் காசில் மூன்றரை அளவில் நிற்கிற காலத்தில் அது புரிகிறது, ஆனால் அறையில் 500 ரூபாய் மிச்சம் பிடித்து ஓட்டோவுக்குத் தினமும் 600 கொடுக்கிற கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை.

| பகுதி | யாருக்குப் பொருந்தும் | மெட்ரோ | வாடகை | இலங்கைப் பாஸ்போர்ட் | சாப்பாடு |
|---|---|---|---|---|---|
| கிரீம்ஸ் சாலை, ஆயிரம் விளக்கு | அப்பல்லோ, சங்கர நேத்ராலயா நோயாளர் | உண்டு, விமான நிலையத்திலிருந்து நேரே | நடுத்தரம், நாள் நீண்டால் கூடும் | பழக்கப்பட்ட இடம் | சமையலறையுடன் அறைகள் உண்டு |
| தி. நகர் | கலியாண உடுப்பு, நகை | நடக்கிற தூரத்தில் இல்லை. மாம்பலம் ரயில் உண்டு | கூட | பெரிய ஹோட்டல்களில் பிரச்சினை இல்லை | சைவம் தாராளம் |
| திருவல்லிக்கேணி | தனி ஆட்கள், நண்பர்கள் | சற்றுத் தள்ளி | குறைவு | கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும் | மலிவு, ஹலால் தாராளம் |
| எழும்பூர் | ரயிலில் தெற்கே போகிறவர் | உண்டு | குறைவு முதல் நடுத்தரம் | நன்றாகப் பழக்கம் | கலப்பு |
| வடபழனி, வளசரவாக்கம் | கோயில், மேற்குப் பக்க ஆஸ்பத்திரிகள், மாதக்கணக்கில் நிற்பவர் | வடபழனியில் உண்டு | நடுத்தரம் | வீடு எடுத்தால் கவனம் | நம்மவர் வீடுகள் உள்ள பக்கம் |
| மண்ணடி | வியாபாரிகள் | உண்டு | குறைவு | பழக்கம் | ஹலால் |

## கிரீம்ஸ் சாலை, ஆயிரம் விளக்கு

வைத்தியத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் சொல்வது அப்பல்லோ, 1983-இல் திறந்த அந்தப் பழைய ஆஸ்பத்திரி இருப்பது கிரீம்ஸ் சாலையை ஒட்டிய சந்தில். 1978-இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா, பக்கத்து நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலையில் இருக்கிறது. இந்த இரண்டையும் நம்பியே சுற்றியுள்ள சந்துகளில் விருந்தினர் விடுதிகள் வரிசையாக முளைத்திருக்கின்றன. கொல்கத்தாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் அவ்வளவு பேர் வருவதால் பெயர்ப் பலகைகள் வங்காள எழுத்தில் இருக்கும், வங்காளச் சாப்பாட்டுக் கடைகளில் மீன்கறியும் சோறும் கிடைக்கும். கடுகெண்ணெய் வாசம் எல்லாருக்கும் ஒத்துவராது, எனக்கு ஒத்துவந்தது.

இங்கே தங்குவதில் உள்ள பெரிய வசதி தூரம். அதிலும் கண் நோயாளியோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். பரிசோதனைக்குக் கண்மணியை விரிக்க மருந்து விடுவார்கள், பிறகு பல மணித்தியாலத்துக்குப் பார்வை மங்கல்தான், சென்னை வெயிலில் கண்ணைத் திறக்கவே ஏலாது. அந்த நிலையில் ஒரு வயதான ஆளைப் பிடித்துக்கொண்டு தி. நகர் நெரிசலுக்குள் போவதும், ஐந்து நிமிடத்தில் கட்டிலில் படுக்க வைப்பதும் ஒன்றல்ல. ஆஸ்பத்திரியில் "நாலு மணிக்கு ரிப்போர்ட் வரும், வாங்க" என்பார்கள், இடைப்பட்ட நேரத்தில் அறைக்கு வந்து சாப்பிட்டுச் சரிந்துவிட்டுப் போகலாம் என்பதே பாதி வைத்தியம்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நீல வழியில் ஏறினால் ஆயிரம் விளக்கு நிலையத்தில் இறங்கலாம், வண்டி மாற வேண்டியதில்லை, சென்னை மெட்ரோவில் ஆகக் கூடிய கட்டணமே 50 ரூபாய். பொதி குறைவாக இருந்தால் இதைவிட வசதி வேறில்லை.

இனி மறைந்திருக்கிற செலவுகள். அறைக்கு ஒரு விலை, சமையலறை பாவித்தால் கேஸுக்கு ஒரு விலை, ஏசி போட்டால் ஒரு விலை என்று பிரித்துப் பிரித்து வாங்குகிற இடங்கள் இருக்கின்றன. முதல் நாளே "எல்லாம் சேர்த்து எவ்வளவு, ஜிஎஸ்டி வரி உள்ளேயா வெளியேயா" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக வந்தால் போதும். விமான நிலையத்திலும் ஆஸ்பத்திரி வாசலிலும் "நல்ல ரூம் இருக்கு அக்கா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று வருகிற ஓட்டோக்காரருக்கு அந்த விடுதி கொடுக்கிற கமிஷனும் உங்கள் வாடகைக்குள்தான் இருக்கும். அதைவிடப் பெரிய செலவு நாள் நீளுவது. ஐந்து நாள் என்று போவீர்கள், இன்னொரு ஸ்கேன், இன்னொரு டொக்டர், ஞாயிற்றுக்கிழமை என்று பத்து நாளாகும். அதனால் நாள் வாடகையைப் பேசும்போதே, ஒரு கிழமைக்கு மேலே போனால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுவிட வேண்டும், பிறகு கேட்டால் நீங்கள் எங்கேயும் போகமாட்டீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

மாலையில் இங்கே பொழுது போகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். சுற்றிவர நோயும் மருந்துக் கடையும்தான், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மனம் களைத்துவிடும். ஒரு நல்ல விஷயம், பாஸ்போர்ட் தொலைந்தது மாதிரி ஏதாவது வந்தால் இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம் நுங்கம்பாக்கத்தில், கிட்டத்தில்தான்.

ஆஸ்பத்திரி மாறினால் இந்தக் கணக்கு முழுக்க மாறும் என்பதை மறக்க வேண்டாம். மியாட் மணப்பாக்கத்தில், ராமச்சந்திரா போரூரில், ரேலா குரோம்பேட்டையில், புற்றுநோய்க்கான பழைய நிறுவனம் அடையாறில். "சென்னையில் வைத்தியம் என்றால் கிரீம்ஸ் ரோட்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அங்கே அறை போட்டுவிட்டு மணப்பாக்கத்துக்குத் தினமும் போய் வருகிற குடும்பங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

## தி. நகர்

கலியாண வேலைக்கு இதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். உஸ்மான் சாலை, பனகல் பூங்கா, பாண்டி பஜார், ரங்கநாதன் தெரு என்று ஒரு சின்ன வட்டத்துக்குள் பட்டுக் கடையும் நகைக் கடையும் பாத்திரக் கடையும் அடங்கிவிடும். நல்லி மாதிரி 1928-இல் தொடங்கிய கடையும் இருக்கிறது, ரங்கநாதன் தெருவில் முழங்கையால் இடித்து வழி எடுத்துப் போகிற மலிவுக் கடைகளும் இருக்கின்றன. கூறைச்சாறி எடுக்கிற வேலை ஒரு நாளில் முடியாது, காலையில் மாமியார் பக்கம் பார்த்ததை மாலையில் பொம்பிளை பக்கம் வேண்டாம் என்பார்கள், திரும்பப் போக வேண்டும். அறை பக்கத்தில் இருந்தால் வாங்கினதை வைத்துவிட்டு, காலைக் கழுவி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி இறங்கலாம். நல்ல பிளேன் டீ கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், இஞ்சி போட்ட பால் டீதான்.

வாடகை கூட. நான் அதற்குக் குறை சொல்லமாட்டேன், நாலு பேர் மூன்று நாள் கடை கடையாக ஏறுகிற வேலைக்கு அது கொடுக்கத் தகும். என் குறை வேறு. அந்தத் தெருக்களில் ஓட்டோ உள்ளே வர மறுக்கும், வந்தாலும் வெளியே போக அரை மணித்தியாலம். மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலைக்காகப் பனகல் பூங்காவைச் சுற்றித் தோண்டியதில் நெரிசல் இன்னும் கூடியது. பக்கத்து மெட்ரோ என்று ஆப் காட்டுகிற நந்தனமோ தேனாம்பேட்டையோ பொதியோடு நடக்கிற தூரம் இல்லை. மாம்பலம் ரயில் நிலையம் இருக்கிறது, 2023-இல் அங்கிருந்து தி. நகர் பஸ் நிலையம் வரைக்கும் ஆகாய நடைபாலம் ஒன்று கட்டியிருக்கிறார்கள், கீழே சனத்துக்குள் மாட்டாமல் நடக்க அது உண்மையிலேயே உதவுகிறது. விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் ஏறினால் மின்சார ரயிலில் சில்லறைக் காசுக்கு மாம்பலம் வந்துவிடலாம், ஆனால் காலை மாலை நேரத்தில் பெட்டியோடு அதில் ஏற நினைக்காதீர்கள்.

மாதம் பார்த்துப் போங்கள். ஆடித் தள்ளுபடி என்று யூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் நடு வரைக்கும், பிறகு தீபாவளிக்கு முந்திய கிழமைகள், இந்த இரண்டு காலத்திலும் தி. நகரில் நிற்கவே இடம் இருக்காது. விலை குறைவு என்பதற்காக ஆடியில் போகிறவர்கள் அறைக்குக் கூடக் கொடுத்து அதைச் சரிக்கட்டிவிடுகிறார்கள். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நமக்கு மழை அடிக்கிற அதே வாடைக்காற்று மழைதான் அங்கேயும். 2021 நவம்பரில் தி. நகர் தெருக்களில் வெள்ளம் நாட்கணக்கில் நின்றது. 2015, 2023 டிசம்பர்களில் நகரமே தாண்டது. கார்த்திகை, மார்கழியில் போவதென்றால் கீழ்த்தள அறை எடுக்காதீர்கள்.

இன்னொரு மறைந்த செலவு தையல். பிளவுஸ் தைத்து, சாறிக்கு ஃபோல்ஸ் அடித்து வாங்குவது என்று முடிவெடுத்தால் இரண்டு மூன்று நாள் கூட நிற்க வேண்டி வரும், அந்த நாட்களின் வாடகையையும் சாப்பாட்டையும் தையற்கூலியோடு கூட்டிப் பாருங்கள். நம்மூரில் தைக்கிற அக்காவுக்குக் கொடுப்பது மலிவாகத் தெரியும்.

வைத்தியத்துக்கு வருகிற ஆளைத் தி. நகரில் தங்க வைக்காதீர்கள், இதை மட்டும் அழுத்திச் சொல்வேன்.

## திருவல்லிக்கேணி

கையில் காசு குறைவு, வயது குறைவு, சென்னையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை கூட என்றால் நான் இங்கேதான் அனுப்புவேன். பார்த்தசாரதி கோயில் ஒரு பக்கம், 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல் ஒரு பக்கம், பாரதியார் இருந்த வீடு, சேப்பாக்கம் மைதானம், பாரதி சாலை நடைபாதையில் பழைய புத்தகங்கள், நடந்து போனால் மெரினா. விடிய எழும்பிக் கடற்கரைக்கு நடந்து போய்விட்டு வருகிற வழியில் ரத்னா கஃபேயில் இட்லியைச் சாம்பாரில் குளிப்பாட்டிச் சாப்பிடுவது சென்னையில் மலிவாகக் கிடைக்கிற சந்தோஷங்களில் ஒன்று. ஹலால் சாப்பாடு எந்தத் தெருவிலும் உண்டு, ஐந்து நேரமும் பாங்கு கேட்கும், அதனால் காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்து ஆட்களுக்கு இங்கே அந்நியமாகத் தெரியாது.

ஆனால் குடும்பத்துக்கு? மேன்ஷன் என்று பெயர் போட்ட கட்டடங்கள் வேலைக்கு வந்த தனி ஆண்கள் மாதக்கணக்கில் தங்குகிற இடங்கள், பொம்பிளைப் பிள்ளைகளோடு அங்கே போகக் கூடாது. வாலாஜா சாலை, திருவல்லிக்கேணி நெடுஞ்சாலைப் பக்கம் குடும்பத்துக்கான லொட்ஜ்கள் இருக்கின்றன, அவற்றையே பாருங்கள். ஃபார்ம் சி பிரச்சினை ஆகக் கூடுதலாக வருவதும் மலிவு லொட்ஜ்கள் நிறைந்த இப்படியான பகுதிகளில்தான். போன் எடுத்து "ஸ்ரீலங்கா பாஸ்போர்ட், ஃபார்ம் சி போடுவீங்களா" என்று நேராகக் கேளுங்கள், ஆம் என்ற பிறகுதான் காசு. சில இடங்களில் வெளிநாட்டவர் என்றதும் விலையைக் கூட்டுவார்கள், அதுவும் வாடகைக் கணக்கில் சேரும்.

சேப்பாக்கத்தில் ஐபிஎல் போட்டி நடக்கிற நாளில் இந்தப் பக்கம் அறை தேடுவது வீண் வேலை. போட்டி பார்க்கவே போகிறவர் என்றால் முதலே போட்டுவிடுங்கள், வேறு எங்கே நின்றாலும் இரவு திரும்பப் போவதற்கு வாகனம் பிடிக்கிறது பெரும்பாடு.

## எழும்பூர்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், எனக்குப் பிடித்த பக்கம் இது. சென்னையில் ஒன்றிரண்டு நாள்தான், பிறகு திருச்சி, மதுரை, இராமேஸ்வரம், வேளாங்கண்ணி, நாகூர் என்று போகிற ஆளுக்கு எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே தங்குவதைவிட வேறு புத்தி வேண்டாம். அதிகாலை ரயிலுக்கு நித்திரைத் தூக்கத்தோடு நடந்து போய் ஏறலாம். இராச் சாமத்தில் வந்து இறங்கினாலும் நடந்து போய் விழலாம். கென்னட் லேனில் மகாபோதி சங்கத்தின் இடம் இருக்கிறது, புத்தகாயாவுக்குப் போகிற சிங்கள யாத்திரிகர்கள் எத்தனையோ வருடமாக அங்கே வந்து போகிறார்கள். அதனால் சுற்றியுள்ள லொட்ஜ்காரருக்கு இலங்கைப் பாஸ்போர்ட் புதிதல்ல, ஃபார்ம் சி என்றதும் முகம் மாறாது. அம்பாறையிலிருந்து கலப்பாக ஒரு குழு போனாலும் இங்கே எல்லாருக்கும் ஒரு வழி கிடைக்கும்.

மெட்ரோவும் உண்டு, இரண்டு வழிகளும் சந்திக்கிற சென்ட்ரல் ஒரு நிலையம் தள்ளித்தான், திருப்பதிக்கு ரயிலில் போவதென்றால் அங்கே ஏற வேண்டும். கன்னிமாரா நூலகமும் 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகமும் கிட்ட, சோழர் காலத்து வெண்கலச் சிலைகளைப் பார்க்காமல் வரவேண்டாம்.

கவனிக்க வேண்டியது இரண்டு. எழும்பூர் நிலையத்தைத் திருத்திக் கட்டுகிற வேலையால் சில ரயில்கள் தாம்பரம் போன்ற வேறு நிலையங்களிலிருந்து புறப்படுகின்றன. டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்க்காமல் இங்கே அறை போட்டால் அதிகாலையில் தாம்பரத்துக்கு டாக்ஸிக் காசு. மற்றது, முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கும், நல்ல ரயில்களில் படுக்கை சீக்கிரம் முடிந்துவிடும். பஸ்ஸில் தெற்கே போகிறவர்களுக்கு எழும்பூரால் பெரிய பயன் இல்லை, 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் முனையம் திறந்த பிறகு தென் மாவட்டப் பஸ்கள் அங்கேதான், அது வண்டலூருக்குப் பக்கத்தில், நகரத்திலிருந்து வெகு தூரம். பழைய நினைவில் கோயம்பேட்டுக்குப் போய் நிற்கிற நம்மவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

## வடபழனியும் வளசரவாக்கமும்

வடபழனி முருகன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் அறை, பிள்ளைகளுக்கு ஒரு பெரிய மால், மெட்ரோ, அதற்குள்ளேயே சிம்ஸ், விஜயா என்று இரண்டு ஆஸ்பத்திரிகள். மாங்காடு, குன்றத்தூர் என்று கோயில் சுற்றுகிறவர்களுக்கும் போரூர், மணப்பாக்கம் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர்களுக்கும் நடு இடம். கிரீம்ஸ் சாலையின் சோகமும் இல்லை, தி. நகரின் இடிபாடும் இல்லை. வயதான பெற்றோரைக் கோயிலுக்கும் வைத்தியத்துக்கும் சேர்த்துக் கூட்டிப் போகிறீர்கள், ஆஸ்பத்திரி இன்னும் முடிவாகவில்லை என்றால் இங்கே தொடங்கலாம். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் வருவதென்றால் பெரும்பாலும் ஆலந்தூரில் மாற வேண்டும்.

அங்கிருந்து ஆற்காடு சாலையில் மேற்கே போனால் விருகம்பாக்கம், வளசரவாக்கம். யுத்த காலத்திலிருந்தே நம்மவர்கள் வீடெடுத்து இருந்த பக்கம், இப்போதும் வடக்குக் கிழக்குக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு மாதம் இரண்டு மாதம் என்று நீளுகிற வைத்தியத்துக்கு நாள் வாடகை கட்டுப்படியாகாது, தளபாடத்தோடு ஒரு சின்ன வீடு எடுத்துச் சமைத்துச் சாப்பிடுவதுதான் வழி.

ஆனால் இங்கேதான் மறைந்த செலவு கூட. வீட்டுக்காரர் முற்பணம் கேட்பார், மாதக்கணக்கான வாடகை அளவுக்குக் கூடக் கேட்பார்கள், போகும்போது "பெயின்ட் அடிக்கணும்" என்று அதில் ஒரு துண்டைக் கழிப்பது அங்கே ஒரு வழமை. தண்ணீருக்குக் கேன், கரண்டுக்கு மீட்டர், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. எல்லாவற்றையும் கூட்டினால், மூன்று கிழமைக்குக் குறைவாக நிற்கிறவருக்கு வீடு லாபமில்லை என்பது என் கணிப்பு. சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறோம், அதற்கு ஒன்றும் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம், அந்த வீட்டுக்காரரும் உங்களுக்காக ஃபார்ம் சி போட வேண்டும். மாமா வீடுதானே என்று விட்டால், விசா நீட்டிக்க விண்ணப்பிக்கிற நேரத்தில் குடிவரவு அலுவலகத்திலிருந்து அந்தக் கேள்வி வரும்.

ஆற்காடு சாலை மெட்ரோ வேலைக்காக வருடக்கணக்காகத் தோண்டப்பட்ட சாலை. ஆஸ்த்மாக்காரர் இருந்தால் சாலையோரத்தில் வீடு எடுக்காமல் உள்ளே தள்ளிப் பாருங்கள்.

## மண்ணடி

வியாபாரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடவுன் தெருத் துணி, சௌகார்பேட்டை மொத்தக் கடைகள், பர்மா பஜார், எல்லாம் நடை தூரம், மண்ணடி மெட்ரோவில் ஏறினால் நேரே விமான நிலையம். லொட்ஜ்கள் மலிவு, அறைகள் சின்னது, இரவு முழுக்கப் பொதி ஏற்றி இறக்குகிற சத்தம். குடும்பத்தோடு வேண்டாம். மொத்த விலை மலிவு என்று அள்ளிக் கட்டுவதற்கு முன், விமானத்தில் கூடுதல் நிறைக்கு எவ்வளவு, கட்டுநாயக்கா சுங்கத்தில் எவ்வளவு என்று ஒரு முறை கூட்டிப் பார்க்கலாம்.

## இரண்டு வேலை ஒரே பயணத்தில் என்றால்

நம்மவர்கள் ஒரு வேலைக்குச் சென்னை போவது குறைவு. அம்மாவுக்குக் கண்ணும் காட்ட வேண்டும், தங்கச்சிக்குச் சாறியும் எடுக்க வேண்டும், முடிந்தால் திருவண்ணாமலையும். இதற்கு நடுவில் ஒரு இடத்தைப் பார்த்து எல்லாவற்றுக்கும் அங்கிருந்து ஓடுகிறார்கள், எதுவும் கிட்ட இல்லாமல் போகிறது. இடத்தை மாற்றுங்கள். முதல் நாலு நாள் கிரீம்ஸ் சாலை, வைத்தியம் முடிந்ததும் பெட்டியைக் கட்டி இரண்டு நாள் தி. நகர். மாறுவதற்கு ஒரு டாக்ஸிக் காசும் அரை நாளும் போகும், அது தினமும் இரண்டு முறை நகரத்தைக் குறுக்கே வெட்டுவதைவிட எவ்வளவோ மேல். வைத்தியம்தான் முதலில் வரவேண்டும், ஏனென்றால் நீளக் கூடியது அது. கடை எங்கேயும் ஓடிப்போகாது.

## காசு கட்டும் முன்

ஆப்பில் எல்லா நாளுக்கும் சேர்த்துக் காசு கட்டாதீர்கள். முதல் இரண்டு இரவுக்கு மட்டும் போட்டு, போய்ப் பார்த்து, பிடித்தால் நேரே பேசி நீட்டுங்கள், நேரே பேசினால் பல இடங்களில் குறைப்பார்கள். கட்டும் முன் வட்ஸ்அப்பில் கேட்க வேண்டியவை: இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஃபார்ம் சி போடுவீர்களா, 24 மணித்தியாலக் கணக்கா பகல் 12 மணியா, லிஃப்ட் எந்த மாடி வரைக்கும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஏசிக்கும் சேர்த்தா. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் என்றால் அங்குள்ள வெளிநாட்டு நோயாளர் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள், பக்கத்தில் தங்குவதற்கு எங்கே என்று அவர்களே சொல்வார்கள்.

பிக்மீ அங்கே வேலை செய்யாது, ஊரில் பாவிக்கிற ஊபர் கணக்கு அங்கேயும் வேலை செய்யும், காசாகக் கொடுக்கிற முறையைத் தெரிவு செய்துகொள்ளுங்கள். பெட்டிக்கடை வரைக்கும் கியூஆர் அட்டைதான், நம் வங்கிக் கணக்கால் அதில் கட்ட ஏலாது, அதனால் சில்லறை நோட்டு கையில் இருக்க வேண்டும். இலங்கை ரூபாயைக் கொண்டுபோய் மாற்றுவது நட்டம், டொலராகக் கொண்டு போங்கள்.

திரும்பி வருகிற விமானம் அதிகாலை என்றால் கடைசி இரவுக்கு இன்னொரு கணக்குப் பார்க்க வேண்டும். மெட்ரோ விடிய ஐந்து மணிக்குத்தான் தொடங்கும், நாலு மணிக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டியவருக்கு அது உதவாது. தி. நகரிலிருந்தோ எழும்பூரிலிருந்தோ அந்த நேரம் டாக்ஸி கிடைக்கும், வீதி வெறிச்சோடி இருக்கும், ஆனால் ஐந்து பேரும் கலியாணச் சாமானும் ஒரு காரில் ஏறாது. இரண்டு கார் பிடிக்கிற காசுக்குத் திரிசூலம், பல்லாவரம் பக்கம் ஒரு அறை வருமா என்று பாருங்கள். வந்தால் முதல் நாள் மாலையே அங்கே போய்விடுங்கள், வராவிட்டால் முதல் நாள் இரவே பெரிய வண்டியாக ஒன்றைச் சொல்லி வைத்துவிட்டுப் படுங்கள்.